மூன்று ரூபாய்ப் பை

மெல்லிய பொலித்தீன் பைகளை விற்கக் கூடாதென்று சட்டம் வந்த 2007ஆம் வருடம், பதுளைக் கடைவீதியில் முதலில் செத்துப்போனது ஒரு சத்தம்தான். அந்தப் பைகளுக்குச் சிங்களத்தில் பெயரே 'சிலிசிலி'. கையில் எடுத்தால் போதும், சிலுசிலுவென்று தங்களுக்குள் பேசத் தொடங்கிவிடும். இரகுநாதன் முதலாளியின் பலசரக்குக் கடையில் சீனிக்கு ஒன்று, பருப்புக்கு ஒன்று, கருவாட்டுக்கு நாற்றம் வெளியே வராமல் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு என்று அள்ளிக் கொடுத்த காலம் அத்தோடு முடிந்தது. பதிலுக்குத் தடித்த வெள்ளைப் பைகள் வந்தன. அவை ஊமைப் பைகள். ஒன்றின் விலை மூன்று ரூபாய்.

மூன்று ரூபாய் பெரிய காசில்லை. ஆனாலும் நேற்றுவரை சும்மா கிடைத்ததற்கு இன்றைக்குக் காசு கேட்டால் யாருக்குத்தான் பொறுக்கும்?

"காத்த அடைச்சு விக்கிறீங்களா மொதலாளி?" என்று முதல் நாளே கேட்டுவிட்டாள் இராசமணி. ஹாலிஎலவுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். நாற்பது வயது. வாய்க்கு வயதே கிடையாது.

"சட்டம் இராசமணி, சட்டம். நான் என்ன செய்ய?"

"சட்டம் போட்டவன் பையத் தூக்கிக்கிட்டு மலை ஏறுறானா? அவன் சாமானு அவனுக்குப் பின்னாலயே ஜீப்புல வரும்."

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். இராசமணி மாவு வந்த உரப்பை ஒன்றை வெட்டித் தைத்துக்கொண்டு வந்து, அதில்தான் சாமான் வாங்கினாள். மற்றவர்கள் தினமும் சண்டை பிடித்தார்கள். சண்டை ஓயாததைப் பார்த்த முதலாளி ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு தடவை மூன்று ரூபாய் கொடுத்தால் பை அவர்களுக்கே சொந்தம். அதில் பெயர் எழுதி, கடையின் இறப்பர் முத்திரையும் குத்தப்படும். சாமானை வீட்டில் இறக்கியபின் வெறும் பையைக் கடைக்கு அனுப்பிவிட்டால், அடுத்த முறை டவுனுக்கு வரும்போது தயாராகத் தொங்கும். மறந்தேன், தொலைத்தேன் என்ற பேச்சு இருக்காது.

பெயர் எழுதும் வேலை கம்சலாவுடையது. காசு மேசையில் இருப்பவள் அவள். ஹாலிஎலவிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவளாதலால், அந்தப் பக்கத்துச் சனங்களின் வெறும் பைகளைச் சுமந்து வருவதும் அவள்தான். இருபத்திரண்டு வயது. முத்து முத்தான கையெழுத்து. 'தபால்கந்தோர் ஜெயராசா', 'மீசை ஜெயராசா', 'சந்திரகாந்தி டீச்சர்' என்று கறுப்பு மார்க்கரில் அவள் எழுதி, கடைக்குப் பின்சுவரில் கட்டியிருந்த கம்பியில் உடுப்புக் கவ்வி போட்டு மாட்டிவிடுவாள். மார்ச் மாதத்துக்குள் நாற்பது பைகளுக்கு மேல் சேர்ந்துவிட்டன. காற்று வீசும்போது அவை ஒன்றாய் வயிறு புடைத்து, ஒன்றாய் ஒடுங்கும். உடம்பை வீட்டில் விட்டுவிட்டு மூச்சை மட்டும் இங்கே மாட்டிப் போன மனிதர்களைப் போல இருக்கும் அவளுக்கு.

அவற்றில் அநேகமாகக் கசங்காத பை சுபாஸ் சாருடையது. யாழ்ப்பாணத்துக்காரர். டவுன் பள்ளிக்கூடமொன்றில் கணக்குப் படிப்பித்தார். தனி ஆள். மேட்டுத் தெருவில் ஒரு வீட்டில் அறை எடுத்திருந்தார். திங்கட்கிழமைகளில் மட்டும் வந்து பாணும் பருப்பும் வாங்குவார். சட்டைப் பைக்குள் அடையாள அட்டையோடு, பள்ளிக்கூட அதிபர் கொடுத்த கடிதமும் எப்போதும் நான்காய் மடித்து இருக்கும். காசு எடுக்கும்போதெல்லாம் அந்தக் கடிதத்தை ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொள்வார். யுத்த காலமாதலால், அவர் பிறந்த ஊரின் பெயரைப் பார்த்ததும் சோதனைச் சாவடியில் அவரை மட்டும் ஓரமாக நிற்கச் சொல்வார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அந்தச் சனிக்கிழமை பின்னேரம் மழை பெய்துகொண்டிருந்தது. முதலாளி மேல்மாடிக்குச் சாப்பிடப் போயிருந்தார். இராசமணி சாமான்களை வாங்கி உரப்பைக்குள் போடப் போட, பையின் அடித்தையல் டர்ரென்று பிரிந்தது.

"பாரு புள்ள, பல்ல இளிச்சிருச்சு."

"மூணு ரூவா குடுங்க அக்கா. புதுசு ஒன்னு தாறேன்."

"எங்கிட்ட பஸ்ஸுக்குத்தான் காசு மிச்சம். இருந்தாலும் தரமாட்டேன். சத்தியம் பண்ணியிருக்கேன்."

"யாரு மேல?"

"செத்துப்போன என் புருசன் மேல. அந்தாளு உசிரோட இருந்தப்ப பண்ணுன ஒரு சத்தியத்தயும் காப்பாத்தல. இதயாச்சும் காப்பாத்துவோமே."

கம்சலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த கையோடு அவள் கம்பியைத் திரும்பிப் பார்த்தாள். மற்றப் பைகளின் சொந்தக்காரர்கள் நாளை சந்தைக்கு வருவார்கள். சுபாஸ் சார் திங்கட்கிழமைக்கு முன் வரமாட்டார். கவ்வியைக் கழற்றினாள்.

"இது சுபாஸ் சாரோட பை. நாளைக்குக் கொண்டாந்து குடுத்துரணும். மொதலாளிக்குத் தெரிஞ்சா என்னத் தொலைச்சிருவாரு."

"வெள்ளனயே வந்துருவேன் தங்கம்."

முன்பென்றால் ஐந்து பைகளில் போயிருக்க வேண்டிய சாமான் எல்லாம் அந்த ஒரே பைக்குள் போயின. மாவு அடியில், மற்றவை மேலே. இராசமணியின் கையிடுக்கில் செய்தித்தாள் சுற்றிய பொட்டலம் ஒன்று வேறு இருந்தது. அது என்னவென்று கம்சலா கேட்கவில்லை. குடையை விரித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டை நோக்கி ஓடினாள் இராசமணி. ஐந்து மணிக்குக் கம்சலாவும் தன் பஸ்ஸைப் பிடித்தாள்.

மறுநாள் காலை டவுனுக்கு வரும் பஸ்ஸில் வேறு பேச்சே இல்லை.

"நேத்து பண்டாரவளை பஸ்ல குண்டாம்."

"சூட்கேஸ்ல வச்சிருந்தானாம்."

"சூட்கேஸாவது? சொப்பிங் பேக்காம். சீட்டுக்கு அடியில. ஏறி வச்சிட்டு, பஸ் எடுக்குறதுக்குள்ள எறங்கிட்டாங்களாம். தெமோதர கிட்டத்தான் கண்டக்டர் பாத்திருக்கான். வயரு தெரிஞ்சிருக்கு. எல்லாரயும் எறக்கி, ஆர்மி வந்து, தூரத்துல வச்சு வெடிக்க வச்சாங்க."

"வெடிச்சதா?"

"வெடிச்சது அவங்க வச்ச வெடியோ உள்ள இருந்ததோ, யாருக்குத் தெரியும்? ரோடெல்லாம் வெள்ளையா மாவு பறந்துச்சாம்."

மாவு என்றதும் கம்சலாவுக்கு நேற்றைய பை ஞாபகம் வந்தது. வயரு? வயர் எதுவும் அவள் போடவில்லையே. அப்படியானால் அது வேறு பை. வேறு பையாகத்தான் இருக்க வேண்டும். டவுன் எல்லையில் ஆண்களை இறக்கி வரிசையில் நிறுத்திச் சோதித்தார்கள். வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்தது. பஸ்ஸுக்குள் பெண்கள் யாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

கடையின் பலகைக் கதவுகளில் ஒன்று மட்டும் திறந்திருந்தது. முதலாளி உள்ளே அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தார். முகம் சவரம் செய்யாமல் கிடந்தது.

"முழுசாத் தொறக்காத" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "நேத்து நீ போனப்பெறகு வந்தாங்க. மூனு பேரு. கையில ஒரு துண்டு. பையோட காது இருக்குல்ல, அந்தத் துண்டு. அதுல எங் கடை சீலு. கம்சலா, எங் கடை சீலு."

அவள் பின்சுவர்க் கம்பியைப் பார்த்தாள்.

"கீழ பேரு இருந்துச்சு. ஒங் கையெழுத்து. யாரு இந்தாளுன்னு கேட்டாங்க. நான் என்ன சொல்ல? சுபாஸ் சார்னு சொன்னேன். வீட்டக் காட்டுன்னாங்க. காட்டினேன்." அவர் தன் வலது கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார், காட்டிய கை அதுதான் என்பதுபோல. "உடுத்திருந்த சாரத்தோட ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க. செருப்பு போட விடல."

வெளியே சந்தைக்குப் போகும் லொறி ஒன்று ஹோர்ன் அடித்தது. இருவரும் திடுக்கிட்டார்கள்.

"அவரு பைய எப்ப எடுத்துக்கிட்டுப் போனாரு? நீ குடுத்தியா?"

"தெரியாது மொதலாளி."

சொல் அவளைக் கேட்காமலே வெளியே வந்துவிட்டது. சொன்னபிறகுதான் அவளுக்கே காதில் கேட்டது. கம்பியில் ஒரு கவ்வி மட்டும் எதையும் கவ்வாமல் தொங்கியது. இரண்டு பக்கமும் பைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், யார் வந்து படித்தாலும் விளங்கும்படி முத்து முத்தாக. இத்தனை நாளும் இது ஒரு பெயர்ப் பட்டியல் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. சுவரே ஒரு பெரிய தாளாகவும், யாரோ அதைப் படிக்க வந்துகொண்டிருப்பதாகவும் இருந்தது.

உண்மையைச் சொன்னால் என்ன நடக்கும் என்று யோசித்தாள். இராசமணி அக்காவைப் பிடிப்பார்கள். கொடுத்தவள் என்று தன்னையும் பிடிப்பார்கள். அக்கா வேலை செய்யும் தோட்டத்தில் ஒருவரைப் போன வருடம் கூட்டிப்போய் எட்டு மாதம் வைத்திருந்தார்கள். திரும்பி வந்த பிறகு அவர் தன் லயத்து வீட்டுக் கதவைச் சாத்தவே விடுவதில்லை. மழை அடித்தாலும் திறந்தே கிடக்கும். சொல்லாவிட்டால்? சொல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது. அவளுக்கு ஒன்றும் நடக்காது.

பத்து மணியளவில் ஜீப் வந்து நின்றது. இறங்கி வந்தவர் பொலிஸ் சார்ஜன் ஹாஷிம். பதுளை ஆள்தான், தமிழ் பேசுவார். நோன்புக் கஞ்சிக்கு அரிசி வாங்க இதே கடைக்கு வந்திருக்கிறார். இன்றைக்குத் தொப்பியைக் கழற்றாமல் உள்ளே வந்தார். பெரிய கொப்பி ஒன்றை மேசையில் விரித்தார்.

"தங்கச்சி பேரு?"

சொன்னாள்.

"நேத்து அந்த சுபாஸ் கடைக்கு வந்தாரா?"

"நான்... கவனிக்கல மாத்தியா."

"பை இங்கதான் தொங்கினதாம். எடுத்தது யாரு?"

"சனிக்கெழம கூட்டம். யாரு எடுத்தாங்கன்னு தெரியாது."

அவர் எழுதினார். சிங்களத்தில் எழுதினார். வட்டம் வட்டமாய் அந்த எழுத்துக்கள் நிரம்பிக்கொண்டே வந்தன. அவள் சொன்ன இரண்டு வரிகளுக்கு இவ்வளவு எழுத்தா என்று பயமாக இருந்தது. கொப்பியை அவள் பக்கம் திருப்பி, கீழே விரலை வைத்தார்.

"இதில கையெழுத்துப் போடுங்க."

"என்ன மாத்தியா எழுதியிருக்கு?"

"நீங்க சொன்னதுதான்."

அவள் பேனையை எடுத்தாள். அந்த நேரம் பார்த்து வாசலில் குடையை உதறும் சத்தம் கேட்டது.

"ஏ புள்ள, எம் பை வந்துச்சா? யாராச்சும் கொண்டாந்து குடுத்தாங்களா?"

இராசமணி. நெற்றி நிறையத் திருநீறு. சந்தைக்குப் போகும் சேலை. கம்சலாவின் கையிலிருந்த பேனை தாளில் ஒரு கோட்டை இழுத்துவிட்டது.

"நேத்து பஸ் ஸ்டாண்டுல எங்கயோ வச்சுத் தொலைச்சுப்புட்டேன். ஒரு பஸ்ல ஏறுனேன், அது எங்க பக்கம் நிக்காதுன்னான், குதிச்சு எறங்குனேன். வேற பஸ்ல ஏறிப் பாத்தா கையில பை இல்ல. கட சீலுதான் இருக்கே, நல்ல மனுசன் எவனாவது இங்க கொண்டாந்து..."

கம்சலா கண்ணால் சொன்னாள். உதட்டைக் கடித்தாள். போ, போய்விடு என்று மேசைக்குக் கீழே கையை அசைத்தாள். இராசமணி அதைப் பார்த்துவிட்டாள். பார்த்துவிட்டு, அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்த முதலாளியையும் பார்த்தாள். அவள் முகத்தில் எல்லாம் விளங்கிவிட்ட ஒரு தெளிவு வந்தது.

"என்ன பை?" என்றார் சார்ஜன்.

"எம் பை தான் மாத்தியா. புதுப் பை." முதலாளிக்குக் கேட்கும்படி குரலை உயர்த்தினாள். "மூனு ரூவா குடுத்துத்தான் வாங்குனேன். கையில எண்ணிக் குடுத்தேன், இந்தப் புள்ளகிட்டயே கேளுங்க. யாரு பையயும் நான் தொடல. சும்மா குடுத்தான்னு யாராச்சும் சொன்னா அது பொய்."

மூன்று ரூபாய் தரமாட்டேன் என்று கணவன் மேல் செய்த சத்தியத்தைக்கூட அந்தப் பெண் விட்டுக்கொடுத்தாள், கம்சலாவுக்குத் திட்டு விழக்கூடாது என்பதற்காக. பொலிஸ்காரர் எதற்கு வந்திருக்கிறார் என்று அவள் யோசிக்கவே இல்லை. கடைக்கு வரும் பொலிஸ்காரர் சாமான் வாங்கத்தான் வருவார்.

"புதுப் பையா? பேரு எழுதியிருந்ததா?"

"பேருமில்ல கீருமில்ல. வெறும் பை."

சார்ஜன் ஒரு கணம் பேனையைக் கன்னத்தில் தட்டினார். அவர் தேடும் பையில் பெயர் இருந்தது. இது பெயரில்லாத பை. களைத்துப்போன கண்களை மூடித் திறந்தார்.

"சரி. பஸ் ஸ்டாண்டுல போய்க் கேளுங்க. இங்க நிக்க வேணாம்."

"போறேன் மாத்தியா. நேத்து எவனோ குண்டு வச்சானாம், அந்தக் கொழப்பத்துல எம் பைய எவன் பாத்திருக்கப் போறான்? ரெண்டு கிலோ மாவு. நாசமாப் போவான்." முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கினாள்.

எவ்வளவு எளிதாக முடிந்துவிட்டது! கம்சலாவுக்கு நம்ப முடியவில்லை. இராசமணி அக்காவுக்கு ஒன்றும் இல்லை. அவளுக்கும் ஒன்றும் இல்லை. ஒரு கையெழுத்துத்தான் பாக்கி. குடை தெருவில் இறங்கி, சந்தைக் கூட்டத்துக்குள் சிறுத்துக்கொண்டே போனது. இன்னும் பத்து அடி போனால் அதைக் கண்டுபிடிக்க முடியாது. பேனை முனை தாளைத் தொட்டது. செருப்பு போட விடல என்று முதலாளி சொன்னது அந்த இடத்தில் வந்து நின்றது. பாண் வாங்க வரும்போது அந்தச் செருப்பை அவர் வாசலிலேயே கழற்றி வைப்பார். பதுளையில் எந்தக் கடையிலும் யாரும் அப்படிச் செய்வதில்லை.

"மாத்தியா."

"ம்?"

"அவங்க சொன்னது பொய். நான் சொன்னதும் பொய்." குரல் அவளுடையதாக இல்லை. "சுபாஸ் சார் பைய நான்தான் அந்தக்காவுக்குக் குடுத்தேன். அவங்ககிட்ட மூனு ரூவா இல்ல. சார் கடைக்கே வரல."

முதலாளி எழுந்துவிட்டார். "என்ன புள்ள ஒளறுற?"

சார்ஜன் கொப்பியை மூடவில்லை. அவளையே பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமில்லாததுதான் இன்னும் பயமாக இருந்தது. "இத நீங்க சொல்லாம விட்டிருக்கலாம்" என்றார் மெதுவாக. பிறகு வாசலுக்குப் போய், ஜீப்பில் இருந்தவர்களிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். இருவர் சந்தைப் பக்கம் ஓடினார்கள்.

இராசமணியைக் கூட்டி வந்தபோது அவள் குடை முறிந்திருந்தது. அவளைக் கடைக்கு வெளியே நிறுத்தி, கம்சலாவிடம் முதலில் கேட்டார் சார்ஜன்.

"பையில என்ன இருந்தது? நீங்க போட்டத மட்டும் சொல்லுங்க. கூட்டவும் வேணாம், கொறைக்கவும் வேணாம்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தலைக்குள் ஒன்றும் இல்லை. கைகள்தான் ஞாபகம் வைத்திருந்தன. மாவு ரெண்டு கிலோ. பருப்பு அரைக் கிலோ. சீனி ஒரு கிலோ. நெத்தலிக் கருவாடு. கடுகு. டோர்ச்சுக்குப் போடும் பெட்டரி நான்கு.

"வயர்?"

"வயர் நான் போடல."

"வேற ஒன்னும் இல்லையா?"

"அக்கா கையில ஒரு பேப்பர் பொட்டலம் இருந்துச்சு. என்னன்னு கேக்கல."

உண்மை அவ்வளவுதான். அதைச் சொல்லும்போதே, தான் இராசமணியின் கழுத்தில் ஒரு கயிற்றைப் போடுவதுபோல இருந்தது அவளுக்கு. சார்ஜன் வெளியே போனார். இராசமணி இப்போது கத்தவில்லை. அவள் குரல் இவ்வளவு சின்னதென்று அதுவரை யாருக்கும் தெரியாது.

"ரேடியோ மாத்தியா. பழைய ரேடியோ. ரேடியோ திருத்துற மொஹிதீன் பாஸ்கிட்டக் குடுத்திருந்தேன். இது செத்துப்போச்சு, கொண்டு போன்னாரு. நான் நம்பல. பெட்டரிதான் பழசுன்னு நெனச்சுப் புதுசு நாலு வாங்குனேன். மழைல நனையும்னு பஸ்ல ஏறுனதும் பைக்குள்ள தள்ளுனேன்."

மொஹிதீன் பாஸின் திருத்தகம் நாலு கடை தள்ளி. சார்ஜன் போய்வர ஐந்து நிமிடம் எடுத்தது. திரும்பும்போது கூடவே மொஹிதீன் பாஸ் வந்தார், கையில் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் மூடியுடன். ரேடியோவின் முதுகு மூடி. "பூட்டித் தாறேன் இருங்கன்னேன். பஸ்ஸுக்கு முந்திச் சாமான் வாங்கணும்னு அந்தப் பொம்புள வயரு தொங்கத் தொங்கப் பேப்பர்ல சுத்திக்கிட்டு ஓடிட்டா" என்றார். மூடியைச் சார்ஜனிடம் நீட்டினார்.

"இது போதாது" என்றார் சார்ஜன். "பெரிய மாத்தியாகிட்ட வந்து சொல்லணும். எல்லாரும்."

கம்சலா, இராசமணி, மொஹிதீன் பாஸ் மூவரையும் ஜீப்பில் ஏற்றினார்கள். தெரு முழுவதும் பார்த்துக்கொண்டு நின்றது. ஜீப் புறப்படும்போது கம்சலா திரும்பிப் பார்த்தாள். முதலாளி கம்பியிலிருந்த பைகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். கவ்விகள் தெறித்து விழுந்தன. பெயர் எழுதிய பக்கம் உள்ளே போகும்படி ஒவ்வொன்றையும் கசக்கி ஒரு பெட்டிக்குள் திணித்துக்கொண்டிருந்தார்.

கூட்டிப்போன இடத்தில் ஒரு நீளமான வாங்கில் உட்கார வைத்தார்கள். ஒருவரோடு ஒருவர் பேசக்கூடாதென்று ஒரு சிப்பாய் எதிரில் நின்றான். ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி சிங்களத்தில் கேட்பார், சார்ஜன் ஹாஷிம் தமிழில் சொல்வார். ஒரே கேள்விதான். பையில் என்ன இருந்தது? கம்சலா சொன்னாள். வெளியே போய் உட்காரச் சொன்னார்கள். மறுபடி கூப்பிட்டார்கள். பையில் என்ன இருந்தது? மூன்றாவது தடவை அவள் கடுகை விட்டுவிட்டாள். அதிகாரி மேசையில் அடித்தார். மைக்கூடு துள்ளியது. முதல்ல கடுகுன்னு சொன்னீங்க, இப்ப எங்க கடுகு என்று கேட்டார் சார்ஜன். அவர் நெற்றியிலும் வேர்த்திருந்தது. ஒரு கடுகுப் பொட்டலத்தால் ஒரு மனிதரை உள்ளே வைத்திருக்க முடியும் என்று கம்சலாவுக்கு அப்போது தெரிந்தது. "இருந்துச்சு மாத்தியா, கடுகும் இருந்துச்சு" என்று அழுதாள். நான்காவது தடவை எல்லாவற்றையும் சரியாகச் சொன்னாள்.

நாலு மணிக்கு மேல் மொஹிதீன் பாஸை அனுப்பிவிட்டார்கள். அடுத்த ஞாயிறும், அதற்கடுத்த ஞாயிறும், போதும் என்று சொல்லும்வரை வந்து கையெழுத்துப் போட வேண்டுமென்று இரண்டு பெண்களிடமும் சொன்னார்கள். "மலையிலருந்து எறங்கி வரணுமா மாத்தியா?" என்று கேட்க வாயெடுத்த இராசமணி, கேட்காமல் மூடிக்கொண்டாள்.

அவர்கள் கேற்றைத் தாண்டும்போது பின்னால் இன்னொரு கதவு திறந்தது. சுபாஸ் சார் வந்தார். சாரம், வெறுங்கால், பனியன். எப்போதும் போடும் மூக்குக்கண்ணாடி இல்லாததால் வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கினார். இடது கையை வலது கையால் தாங்கிப் பிடித்திருந்தார். அவர்களை அடையாளம் தெரிந்ததா இல்லையா என்று விளங்கவில்லை. தார் ரோட்டில் மூவரும் கொஞ்ச தூரம் நடந்தார்கள். அவர் வேகத்துக்கு அவர்கள் மெதுவாக நடக்க வேண்டியிருந்தது.

பஸ் ஹோல்ட்டுக்குக் கிட்ட வந்ததும் கம்சலா நின்றாள். தன் காலைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். உரப்பை கிழிந்ததை, கவ்வியைக் கழற்றியதை, காலையில் தெரியாது என்று சொன்னதை. ஏசுவார் என்று எதிர்பார்த்தாள். ஏசினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள்.

அவர் தாங்கிப் பிடித்த கையைச் சற்று மாற்றிப் பிடித்தார். பிறகு கேட்டார்.

"பையில என்ன கிடந்தது பிள்ளை?"

அவள் நிமிர்ந்தாள்.

"இரா முழுக்க அதைத்தான் கேட்டவங்கள். எனக்குத் தெரியேல்ல. தெரியாதெண்டா விடுறாங்களில்லை. பிறகு நானே ஒவ்வொண்டாச் சொல்லிப் பாத்தன். அரிசி எண்டன். தேங்காய் எண்டன். புத்தகம் எண்டன். எல்லாம் பிழை."

இராசமணி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். "மாவு சார்" என்றாள். "ரெண்டு கிலோ. பருப்பு அரைக் கிலோ. சீனி. கருவாடு."

"என்ன கருவாடு?"

"நெத்தலி சார்."

"நெத்தலி" என்றார் அவர். உதடு மட்டும் அசைந்தது. "எவ்வளவு?"

"கால் கிலோ."

"பிறகு?"

"கடுகு நூறு கிராம். பெட்டரி நாலு. ரேடியோ ஒன்னு, சார். அது செத்துப்போன ரேடியோ."

ஹாலிஎல பஸ் வந்து நின்றது. கண்டக்டர் கதவில் தட்டி ஏறச் சொன்னான். அவர்கள் ஏறவில்லை. கண்டக்டர் மூவரையும் ஒரு பார்வை பார்த்தான். வெறுங்காலோடு நின்ற மனிதரை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, அவசரமாகப் பெல் அடித்தான். பஸ் போய்விட்டது.

"பிள்ளை, இன்னொருக்கா முதலிலயிருந்து சொல்லுங்கோ" என்றார் சுபாஸ் சார். "ஆறுதலா, மெதுவாச் சொல்லுங்கோ. அவங்கள் திரும்பவும் வந்து கேட்டா நான் சொல்ல வேணும்."